நாற்பது நாளும் கேட்டோம்

செவ்வாய்க்கிழமை, மாலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் விசாரிப்பதை அடுத்த பக்கத்துக்குத் தள்ளி வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. தபால் பை உன் தீவில் இறங்கியதும் நீ முதலில் படிக்க வேண்டியது ஒன்றுதான். நாற்பது நாளும் நீ கூப்பிட்டதைக் கேட்டோம். ஒரு நாள் விடாமல் கேட்டோம், நானும் அப்பாவும்.

பதிலும் சொன்னோம். ஒவ்வொரு நாளும் சொன்னோம். அது உன்னிடம் வந்து சேரவில்லை. ஏன் வந்து சேரவில்லை என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம். இதைப் படித்து முடிக்கும்வரை தீவு வேலையை இரண்டு வருடம் நீட்டிக்கும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. போட்டு வைத்திருந்தால், கப்பல் திரும்புவதற்குள் கிழித்துவிட முடியுமா என்று பார்.

சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாய். அதனால் பதிவு நோட்டிலிருந்து பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாம் நாள் மோர்ஸில் நம் அழைப்புக் குறியைப் பன்னிரண்டு தடவை அடித்தாய். ஏழாம் நாள் 'இங்கே மழை' என்றாய். பதினொன்றாம் நாள் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்து, தப்பு என்பதற்கான எட்டுப் புள்ளி வைத்து அழித்து, மறுபடி அடித்தாய். பதினேழாம் நாள் இரண்டே நிமிடத்தில் நிறுத்திவிட்டாய். உடம்பு சரியில்லையோ என்று அம்மா அன்று முழுக்கப் புலம்பிக்கொண்டே தைத்தாள். ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துவிட்டாள். முப்பத்தோராம் நாளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அப்பா வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உன் கடிதத்தை அம்மா சத்தமாகப் படிக்கச் சொன்னபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிச் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். "ஒன்றாம் தேதியிலிருந்து நாற்பது நாள், உங்களுக்கு விடியும் நேரத்தில், எனக்கு இருட்டும் நேரத்தில், பத்து நிமிடம் கூப்பிடுவேன். பதில் இல்லை என்றால் புரிந்துகொள்வேன்" என்ற வரிக்கு வந்தபோது ஊசி நின்றது. பிறகு மறுபடி தைத்தார். அவ்வளவுதான்.

ஆனால் முதல் நாள் விடியலில் நான் மாடி அறையில் ரேடியோ செட்டைப் போட்டுவிட்டு, காதில் மாட்டுவதை எடுத்துவிட்டு ஒலிபெருக்கியைத் திருகும்போது, படியில் அவர் கால் சத்தம் கேட்டது. அந்தக் கால் சத்தம் உனக்குத் தெரியும். ஒரு படி அழுத்தி, ஒரு படி இழுத்து. உள்ளே வரவில்லை. வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன் மோர்ஸ் வந்தது. "இந்த டிக் டிக்தானா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கேட்டார். "அவன்தான்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஆணி அடிக்கிறப்பவும் இப்படித்தான். ரெண்டு அடி வேகமா, மூணாவது அடி ஒரு இழுப்பு. எத்தனை வருஷம் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன்."

அவருக்கு மோர்ஸில் ஓர் எழுத்தும் தெரியாது. நான் அழைப்புக் குறியை வைத்து உன்னைக் கண்டுபிடிப்பதற்குள் அவர் உன் கையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன். தபால் பை திங்கட்கிழமை கட்டுகிறார்கள். நேரம் இருக்கிறது. நேரத்தைவிடத் தைரியம்தான் எனக்குக் கொஞ்சம் சேர வேண்டியிருக்கிறது.


புதன்கிழமை, மாலை

இப்போது நலம். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவது குறைந்திருக்கிறது. ஆனால் சுவரில் உள்ள அழுக்கெல்லாம் தெரிகிறது என்று புதுக் குறை. தெருவில் சாக்கடைக் குழாய் மாற்றத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனவர்கள் இரண்டு மாதமாகத் திரும்பவில்லை. வீட்டுக்குள் வர பலகை மேல்தான் நடக்கிறோம். அந்தப் பலகையை அப்பா போட்டார், அதனால் அது ஆடாது. எதிர்வீட்டுப் பலகை ஆடுகிறது. அவர்களும் நம் பலகையில்தான் வருகிறார்கள்.

எனக்கு மின்மீட்டர் பரிசோதனைக் கூடத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. நாள் முழுக்க மீட்டர்களோடு இருக்கிறேன். மனிதர்களோடு பேச வேண்டியது குறைவு. என் பட்டச் சான்றிதழை அப்பா முன் அறையில் மாட்டியிருக்கிறார் என்று எழுதினேனா? தூக்குக்குண்டு கட்டிப் பார்த்து மாட்டினார். வீட்டிலேயே அது ஒன்றுதான் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது, சுவரே சாய்வு. அதைப் பார்க்கும்போதெல்லாம், நீ பத்தாவதோடு நிறுத்திவிட்டு அவரோடு சாரம் கட்டப் போனதால் மாட்டிய சட்டம் அது என்று தோன்றும். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. நீ என்னை ஊமைக்கோட்டான் என்று கூப்பிட்டது சும்மா இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் பத்து நாள் உன் பழைய ஏரியலில்தான் பதில் அனுப்பினேன். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே, துணிக்கொடி மாதிரித் தாழ்வாகத் தொங்குகிறதே, அதில். இருநூறு கிலோமீட்டரில் இருக்கும் பேக்கரிக்காரர், விடியலில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எப்போதும் செட்டில் இருப்பார் இல்லையா, அவர் "தங்கச்சி, காதைப் பொளக்குது, கொஞ்சம் குறை" என்பார். உனக்கோ ஒன்றும் கேட்கவில்லை. நீ பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய், நான் பாட்டுக்குப் பதில் அடித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு பேர் ஒரே கதவை இரண்டு பக்கமும் தட்டுவதுபோல.

ஒன்பதாம் நாள் அப்பா வாசலில் நின்றபடியே கேட்டார்: "அவன் சத்தம் நமக்கு வருது. நம்ம சத்தம் ஏன் போகல?"

நான் சொன்னேன். அவன் கடலோரத்தில் உட்கார்ந்து பெரிய செட்டில் அனுப்புகிறான், நம்முடையது ஒரு சின்ன பல்பு எரியும் அளவு சக்தி. அதையும் தாழ்வாகப் படுக்க வைத்த கம்பியில் அனுப்புகிறோம். அலை நேராக மேலே போய் நேராகக் கீழே விழுகிறது. பக்கத்து ஊர்களுக்கு மழை மாதிரிக் கொட்டும். பூமியின் அந்தப் பக்கம் போக வேண்டுமானால் அடிவானத்தை ஒட்டித் தாழப் புறப்பட்டு, மேலே பட்டுக் கீழே பட்டுத் தாவித் தாவிப் போக வேண்டும். அதற்குக் கம்பி நிமிர்ந்து நிற்க வேண்டும்.

"குளத்துல சில்லு எறியற மாதிரியா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"மேல பாத்து எறிஞ்சா தலையிலதான் விழும். அதை ஒன்பது நாளா வாய்க்குள்ளயே வெச்சிருந்தியா?" என்றார். எத்தனை உயரம் வேண்டும் என்று மட்டும் கேட்டார். பத்து மீட்டர் என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அப்பா வேலைக்குப் போகவில்லை. இரண்டு மூங்கிலை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, அதன் மேல் நான் கொடுத்த செப்புக் கம்பியை ஓட்டி, மொட்டைமாடி நடுவில் நிமிர்த்தி நிறுத்தினார். நான் அடியிலிருந்து பதினாறு கம்பிகளைத் தரையோடு தரையாக நாலாபக்கமும் விரித்தேன். அம்மா துணிக்கூடையோடு வந்து நின்று, "நான் இங்க துணி காயப்போடவா, பாண்டி ஆடவா?" என்றாள். பிறகு கம்பிகளைத் தாண்டித் தாண்டிக் காயப்போட்டாள்.

கம்பம் சாயாமல் இருக்க இரண்டு அடுக்கில் மும்மூன்றாக, ஆறு இழுவைக் கம்பிகள். இரும்பு முறுக்குக் கம்பி. நீ போன பிறகு இந்த வீட்டில் கட்டுவது எல்லாமே இரும்புதான் என்பது உனக்குத் தெரியாது. அம்மாவின் துணிக்கொடி இரும்பு. தண்ணீர்த் தொட்டி மூடியைக் கட்டியிருப்பது இரும்பு. கயிறு என்று ஒரு பொருள் வீட்டில் கிடையாது.

ஆறையும் இழுத்து முறுக்கிவிட்டு, கம்பத்தை ஒரு தட்டுத் தட்டினார். "யானை வந்து உரசினாலும் நிக்கும்" என்றார். தெருவில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். உண்மையில் அழகாகத்தான் இருந்தது, அண்ணா. உன் கடிதம் வந்ததிலிருந்து அவர் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

பதினொன்றாம் நாள் அதில் பதில் அனுப்பினேன். நீ கேட்கவில்லை. பதினைந்தாம் நாளும் இல்லை. பதினெட்டாம் நாளும் இல்லை.


வியாழக்கிழமை, காலை, வேலைக்குப் போகும் முன்

பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வந்தார். நீ இருக்கும்போது வெள்ளைச் சட்டையோடு மாடியில் ஏறி ஏரியலைத் தொட்டு ஷாக் வாங்கிய அதே டாக்டர்தான். இப்போது அவர் கிளினிக் கூரை மேல் மூன்று ஏரியல் நிற்கிறது. பல்லைப் பிடுங்கும்போதும் தூரதேசத்துக் கதைதான் சொல்கிறாராம், நோயாளி பதில் சொல்ல முடியாது என்பதால் அவருக்கு வசதி. அவர் கையடக்கமான ஓர் அளவுமானி கொண்டு வந்தார். அலை எங்கே இருக்கிறதோ அங்கே முள் எழும்பும். என்னைச் செட்டில் தட்டச் சொல்லிவிட்டு மாடியைச் சுற்றி வந்தார். கம்பத்தருகே முள் எழும்பியது. இழுவைக் கம்பியின் அருகே போனபோதும் கிட்டத்தட்ட அதே அளவு எழும்பியது. ஆறு கம்பியிலும் அப்படியே.

"ஏம்மா, உங்கப்பா கட்டினது கம்பம் இல்ல, கூண்டு. உள்ள கிளி கத்திக்கிட்டுத்தான் இருக்கு. வெளியதான் போகல" என்றார்.

நீ இதைப் படிக்கும்போதே தலையில் அடித்துக்கொள்வாய். இரும்புக் கம்பி ஒவ்வொன்றும் பத்து மீட்டருக்கு அருகே இருந்தது. நம் ஏரியலின் நீளமும் அதேதான். ஆறும் தாங்களும் ஏரியல் என்று நினைத்துக்கொண்டு அலையை வாங்கிக் கலைத்துவிட்டன. எலெக்ட்ரானிக்ஸ் படித்துப் பட்டம் வாங்கிய நான் அதைப் பார்த்தவுடனே சொல்லியிருக்க வேண்டும். கட்டும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர கம்பியைப் பார்க்கவில்லை.

அப்பா படியில் தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்தார். டாக்டருக்கு எதையும் சத்தமாகச் சொல்லித்தான் பழக்கம். வாயைத் திறந்தார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். நான் ஒரு மனிதரின் சட்டையைப் பிடித்து இழுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி, நீயே சொல்லிடு. ஆனா சீக்கிரம் சொல்லு" என்றார், அவரால் முடிந்த அளவு மெதுவாக.

நான் சொல்லவில்லை.

அண்ணா, இதைத்தான் மூன்று நாளாக எழுதாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். பத்தொன்பதாம் நாளே எனக்குத் தெரியும். நாற்பதாம் நாள்வரை, இருபத்தொரு நாள், வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு விடியலிலும் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வெளியே போகாது என்று தெரிந்துகொண்டே உனக்குப் பதில் தட்டினேன். வாசலில் அப்பா நின்றார். தட்டி முடித்ததும் "போயிருக்குமா?" என்று கேட்பார். "பாக்கலாம்பா" என்பேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்க மாட்டாய். உனக்குத் தெரியும். இரும்பு வேண்டாம் என்று சொன்னால் அடுத்த வார்த்தை கயிறு. அந்த வார்த்தையை நான்கு வருடமாக இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. சாரத்தின் மூன்றாம் அடுக்கை நீ நைலான் கயிற்றில் கட்டிய அன்று, "இது பழைய கயித்தைவிட உறுதிப்பா" என்று நீ சொன்னது எனக்குத் தெரியும். மதியச் சாப்பாடு கொண்டு வந்து கீழே நின்றிருந்தேன். அவர் விழுந்ததையும் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட காலோடு அவர் உன்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னதையும் கேட்டேன். "கட்டத் தெரியாதவன் சாரத்துக்குக் கீழ நிக்கக் கூடாது." நீ மறு வாரமே தீவு வேலைக்கு எழுதிப் போட்டாய்.

அவர் கையால் கட்டியதைத் தப்பு என்று சொல்ல வேண்டும், அதுவும் உன் கயிற்றைக் கொண்டுவந்து அதன் இடத்தில் வைக்க வேண்டும். 'எல்லாம் தெரிஞ்ச இன்னொரு பிள்ளை' என்று அவர் நினைத்துவிட்டால், உனக்காக ஏறி வரும் அந்தப் படியையும் ஏறாமல் நின்றுவிடுவாரோ என்று பயந்தேன். இது சாக்குத்தான். எழுதிப் பார்க்கும்போது சாக்கு என்று நன்றாகவே தெரிகிறது.

முப்பத்தோராம் நாள். எப்படியோ ஒரு சொட்டு உன்னிடம் வந்திருக்கிறது. நான் தட்டி முடித்ததும் நீ 'யார்' என்று கேட்டு, கேள்விக்குறியை மூன்று தடவை அடித்தாய். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் நீ வழக்கமாக அடிக்காத ஏதோ அடிக்கிறாய் என்று தெரிந்துவிட்டது. முதல் தடவையாக உள்ளே வந்தார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். "என்ன கேக்கிறான்? என்ன கேக்கிறான்?" யார் என்று கேட்கிறான் என்றேன். "சொல்லு, நாமதான்னு சொல்லு." சொன்னேன். மறுபடி சொன்னேன். நீ இன்னொரு கேள்விக்குறி அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டாய்.

நாற்பதாம் நாள் நீ அடித்ததை வரிக்கு வரி எழுதுகிறேன். "கேட்கவில்லை. எல்லோரும் நலமாக இருங்கள். முடிக்கிறேன்."

அப்பா கேட்டார்: "முடிக்கிறேன்னா இன்னிக்கா, மொத்தமாவா?"

நான் செட்டை அணைத்தேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இன்று மாலை சொல்லிவிடுவேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன். எழுதிவிட்டால் பிறகு அடித்துவிட்டு அனுப்ப வெட்கமாக இருக்கும்.


வியாழக்கிழமை, மாலை

சொல்லிவிட்டேன்.

அவர் பலகையின் ஆணியைச் சரிபார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அளவுமானியையும் முள்ளையும் டாக்டரையும் சொன்னேன். பத்தொன்பதாம் நாள் என்பதையும் சொன்னேன். கயிறு என்று சொல்லவில்லை. இரும்புக் கம்பியையே துண்டு துண்டாக வெட்டி, நடுநடுவே முட்டை மாதிரி இருக்கும் பீங்கானைக் கோத்தால் போதும், பதினெட்டு இடத்தில் வெட்ட வேண்டியிருக்கும் என்றேன்.

"பதினெட்டு எடத்துலயா? வெட்டி ஒட்டினது அப்புறம் கம்பியா? காத்து அடிச்சா எந்த எடத்துல விடும்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

பலகையின் ஆணியை மறுபடி தட்டினார்.

பிறகு, "அந்த இருபத்தொரு நாளும் தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். திட்டுவார் என்று நின்றேன். சுத்தியலைக் கீழே வைத்தார். "என்கிட்ட சொல்றதுக்கு அவ்வளவு பயமா?" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன், தையல் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் சாப்பிடவில்லை.


ஞாயிற்றுக்கிழமை, காலை

அண்ணா, அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும்.

நேற்றுக் காலை அப்பா வெளியே போய்விட்டு ஒரு சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். நைலான் கயிறு. வெள்ளை, விரல் தடிமன். கூடத்தில் அம்மா காலடியில் போட்டார். அம்மா மிஷினை நிறுத்திவிட்டு, கயிற்றைப் பார்த்து, அவரைப் பார்த்து, "என்ன இது?" என்றாள். "தெரியல? புதுக் கண்ணாடிதானே போட்டிருக்க?" என்றார்.

டாக்டரை வரச் சொல்லி என்னை அனுப்பினார். கிளினிக்கை ஒரு மணி நேரம் பூட்டிவிட்டு வந்தார். கம்பத்தைப் படுக்க வைத்து, ஆறு இரும்புக் கம்பியையும் அப்பாவே அவிழ்த்தார். பிறகு மூங்கில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கயிற்றைக் கட்டத் தொடங்கினார். நான் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகச் சாரத்தில் போடும் அதே முடிச்சுத்தான், ஆனால் இழுப்பதற்கு முன் ஒரு சுற்றுக் கூடுதலாகப் போட்டார். ஐந்து கயிற்றிலும் அப்படி. கடைசி ஒன்றை என் கையில் கொடுத்தார். நான் கட்டினேன். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அவிழ்க்காமல் அடுத்த வேலைக்குப் போனார். எனக்கு அதுவே சான்றிதழ்.

நிமிர்த்தும்போது ஆளுக்கு ஒரு கயிறு. டாக்டர் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கம்பத்தின் அடியில் நின்று தோள் கொடுத்துத் தூக்குவது யார் என்று டாக்டர் கேட்டார். நீங்க வேண்டாம், உங்க கால் இருக்கிற நிலைமையில நான் நிக்கறேன் என்றும் சொன்னார். "நீங்க பல்லைப் பாருங்க" என்று அப்பா போய் அடியில் நின்றார். பத்து மீட்டர் மூங்கில் அவர் தலைக்கு மேலே ஏறியது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தது மூன்று கயிறு, அதில் ஒன்று நான். அம்மா வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இழுத்தாள். அவர் மேலே பார்க்கவில்லை. "இழு. போதும். நீ விடு. இன்னும் கொஞ்சம்" என்று முன்பு உன்னிடம் பேசுகிற குரலில் பேசினார். கம்பம் நின்றது. கட்டி முடித்துத் தட்டிப் பார்த்தார். இந்தத் தடவை யானையைக் கூப்பிடவில்லை.

இன்று விடியலில் நான்கு பேரும் மாடி அறையில். டாக்டரும் வந்துவிட்டார், பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு. முதலில் உன் அலைவரிசையில் கேட்டேன். நீ இல்லை. இருக்க மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் பத்து நிமிடம் கேட்டோம். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய்ப் பொதுவாகக் கூப்பிட்டேன். யாராவது, எங்கேயாவது.

பதில் வந்தது. உன் தீவையும் தாண்டி இரண்டாயிரம் கிலோமீட்டர் அப்பால், ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்கிறது என்றாள். நான் நம்பாமல் மறுபடி கேட்டேன். 'தெளிவு, தெளிவு' என்று அடித்தாள். பிறகு தேடித் தேடிப் பார்த்தும் பேக்கரிக்காரருக்கு மட்டும் என் சத்தம் கிடைக்கவில்லை. "தங்கச்சி எங்க போச்சு? இன்னிக்கு வரலியா?" என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்கு லேசாகக் கேட்டது. அலை அவர் தலைக்கு மேலே தாவிப் போய்விட்டது. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கவில்லை, தூரத்தில் இருப்பவளுக்குக் கேட்கிறது. எனக்கு இது ஒன்றும் புதிதில்லை.

அந்த ஆசிரியை எங்கே இருக்கிறாள் என்று அப்பா கேட்டார். பூகோளப் படத்தில் காட்டினேன். "அவன் எங்க?" என்றார். விரலைப் பின்னால் நகர்த்தி உன் தீவைக் காட்டினேன். புள்ளிகூட இல்லை, பெயர் மட்டும்தான் போட்டிருக்கிறது. அவர் விரல் அங்கே வந்து நின்றது.

"அப்ப இவன் வழியிலதான் இருக்கான்" என்றார்.


அதே நாள், மாலை

தபால் பைக்குக் கொடுக்கும் முன் கடைசியாக எழுதுகிறேன்.

கப்பல் பதினாறு நாளில் உன்னிடம் வரும், ஐந்து நாள் நிற்கும் என்கிறார்கள். பதினாறாம் நாளிலிருந்து நாங்கள் கூப்பிடுவோம். அதே அலைவரிசை, உனக்கு இருட்டும் நேரம், எங்களுக்கு விடியும் நேரம். இந்தத் தடவை நீ ஒன்றும் அடிக்க வேண்டாம், கேட்டால் போதும். அடிக்கத் தோன்றினால் அடி. எத்தனை நாள் என்று கணக்கு வைக்கவில்லை. அம்மா கேட்கச் சொன்னாள்: அங்கே இருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் சமைப்பது இன்னும் உன் முறைதானா, உன் சட்டை அளவு பழையதுதானா, இல்லை இளைத்துவிட்டாயா. அந்த இரண்டு இடது கைச் சட்டை உனக்குத் தைத்ததுதான். பிரித்துச் சரிசெய்துவிட்டாள். அனுப்ப மாட்டாளாம், வந்து போட்டுக்கொள்ளச் சொல்கிறாள்.

இருபத்தொரு நாள் நான் பேசாமல் இருந்ததற்கு நீ என்னைத் திட்டலாம். நேரில் திட்டு. மோர்ஸில் திட்டினால் அப்பா கையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

கவர் ஒரு பக்கம் புடைத்திருப்பதற்குக் காரணம் அப்பா. ஏதாவது எழுதுகிறீர்களா என்று கேட்டேன். எனக்கென்ன எழுதத் தெரியும் என்று போய்விட்டார். கோந்து தடவும்போது வந்து, சட்டைப்பையிலிருந்து இதை எடுத்துக் கொடுத்தார். மீந்த கயிற்றில் ஒரு சாண் வெட்டி, ஒரு குச்சியில் அந்த முடிச்சைப் போட்டிருக்கிறார்.

"நைலான் வழுக்கும். எப்பவும் போடறதைவிட ஒரு சுத்து கூடப் போடணும். பெரியவனுக்கு அதை நான் சொல்லிக் கொடுக்கல. எழுதிடு" என்றார்.

பெரியவனுக்கு என்றுதான் சொன்னார். நான்கு வருடத்துக்குப் பிறகு.

அவிழ்க்காமல் சுற்றை எண்ணிப் பார்க்கச் சொன்னார். எண்ணிப் பார் அண்ணா. எண்ணிவிட்டு அந்தத் தாளை என்ன செய்வது என்று முடிவு செய்.

கேட்டுக்கொண்டே இருக்கும்,
உன் தங்கை,
ஊமைக்கோட்டான்